லேப் கதவில் தொங்கும் தாள்: உயிரியல் வகுப்பின் விதிகளுக்குப் பின்னால் இருப்பது என்ன?

ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்த கையோடு உயிரியல் லேப் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். வேலூர் மாவட்டத்தில் காட்பாடியானாலும் குடியாத்தமானாலும் அணைக்கட்டானாலும் அதில் இருக்கும் வரிகள் ஏறக்குறைய ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டு இல்லாமல் உள்ளே வரக்கூடாது. படம் பென்சிலில்தான் வரைய வேண்டும். தலைமுடியைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும், துப்பட்டாவுக்குப் பின் குத்தியிருக்க வேண்டும். லேபில் எதையும் சாப்பிடக்கூடாது, முகர்ந்து பார்க்கக்கூடாது. கண்ணாடிச் சாமான் உடைந்தால் உடனே சொல்ல வேண்டும். நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, பெயர் எழுதிய லேபிள் ஒட்ட வேண்டும்.

எல்லாம் ஒரே தாளில் இருப்பதால் எல்லாம் ஒரே தரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவை இரண்டு வெவ்வேறு வழியில் வந்தவை. சில விதிகள் மதிப்பெண்ணுக்காகவும் பள்ளி ஒழுங்குக்காகவும் வந்தவை. மற்றவை, உயிருள்ளதைக் கையில் எடுத்துப் பார்க்கிற இந்தப் பாடம் பட்டுத் தெரிந்துகொண்டவை. நம் பள்ளிகளில் கறாராகக் கவனிக்கப்படுவது முதல் வகைதான். அட்டை போடாதவன் வெளியே நிற்பான். நுண்ணோக்கியில் கண்ணே வைக்காமல் படம் வரைந்தவனுக்குச் சிவப்பு மையில் ‘குட்’ விழும்.

வேலூரில் இந்தப் பாடத்துக்கு இருக்கும் மவுசு தனி. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆகி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. 2005-இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்கும் ஊரில் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர் என்று யாராவது ஒருவர் தெருவுக்குத் தெரு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, கூலிக்குப் போகிற வீட்டிலும் ‘பயோ குரூப்’ என்ற பேச்சு அடிபடுகிறது. ஆசை பெரியதாக இருப்பதால்தான் இந்த வகுப்பில் என்ன எதிர்பார்க்கிறார்கள், ஏன் எதிர்பார்க்கிறார்கள் என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு

வீட்டில் முதலில் கேட்பது மதிப்பெண்ணைத்தான் என்பதால் அதை முடித்துவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ உயிரியலுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுபதில் பாதி உயிரி-தாவரவியல், பாதி உயிரி-விலங்கியல், தனித்தனி விடைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண் கேள்வி 8, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு கொடுத்து நான்கு, மூன்று மதிப்பெண்ணில் ஐந்து கொடுத்து மூன்று, ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு. கூட்டினால் 35. பியூர் சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடம். அந்தக் கணக்கு வேறு.

தேர்ச்சி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். மொத்தம் 35 வாங்கினால் போதும் என்பது பாதி உண்மை. எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 என்று முழுசாக வாங்கிய பிள்ளை எழுத்தில் 14 எடுத்தால் கூட்டுத்தொகை 44. ஆனாலும் ஃபெயில்தான். அகமதிப்பீட்டின் 10-இல் வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டும் கிடைக்கும், 75-க்கும் 80-க்கும் இடையே என்றால் ஒன்று.

‘படம் பென்சிலில்’ என்பது லேப் டீச்சரின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் பக்கத்தைப் பார்க்கலாம். எழுதவும் அடிக்கோடு போடவும் நீலம் அல்லது கறுப்பு மை, படம் வரையப் பென்சில் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி அழகு பார்க்கும் பழக்கத்தைப் பிளஸ் ஒன்னிலேயே விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017–18 கல்வியாண்டில் வந்தது. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டு, முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுகின்றன என்ற புகாருக்கு மருந்தாக வந்த தேர்வு அது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிடச் சொன்னது. பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது உண்மைதான். ஆனால் செல் அமைப்பு, திசுக்கள், ஒளிச்சேர்க்கை, மனித உடலியல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. பழைய நோய் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள இப்போது பள்ளியைத் தவிர ஆள் இல்லை.

பார்த்ததை வரை

இந்தப் பாடத்தின் விதிகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். கண்ணுக்கு எது தெரிந்ததோ அதை வரை. புத்தகத்தில் இருப்பதை வரையாதே. கேட்க எளிதாக இருக்கிறது. வகுப்பில் மிக அதிகமாக மீறப்படுவதும் இதுதான்.

ஒரு சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டை எடுத்துக்கொள்வோம். இளந்தண்டின் ஒரு துண்டை, பிளந்த கேரட்டுக்கு நடுவிலோ நெட்டிக்கு நடுவிலோ வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். புது பிளேடு. பிளேடும் தண்டும் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும்; ரம்பம் போல முன்னும் பின்னும் ஓட்டினால் சீவல் கிழிந்துவிடும். இருபது சீவல் சீவினால் ஒன்றோ இரண்டோ தேறும். எல்லாவற்றையும் வாட்ச் கிளாஸ் தண்ணீரில் போட்டு, கண்ணாடி போல் ஒளி ஊடுருவுகிற மெல்லிய சீவலைத் தூரிகை நுனியால் எடுக்க வேண்டும். ஒரு துளி சாஃப்ரனின், அதிகச் சாயம் போகக் கழுவல், ஒரு துளி கிளிசரின். பிறகு கவர் ஸ்லிப். அதன் ஒரு விளிம்பை ஸ்லைடில் ஊன்றி, மறு விளிம்பை ஊசியில் தாங்கி, சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். மேலிருந்து தொப்பென்று போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும்.

“மிஸ், செல் தெரியுது மிஸ்!” என்று முதல் நாள் கூவுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பார்ப்பது அந்தக் காற்றுக் குமிழியைத்தான். தடித்த கறுப்பு விளிம்போடு, காம்பஸ் வைத்துப் போட்டது போன்ற வட்டம். தாவரச் செல் அவ்வளவு ஒழுங்கான வட்டமாக இருக்காது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய பாடம். குமிழியைச் செல் என்று நினைத்து வரைந்த பிள்ளை தப்பு செய்திருக்கலாம், ஆனால் பார்த்திருக்கிறது. பார்க்காமலே, புத்தகத்தில் உள்ளபடி அளவெடுத்த வாஸ்குலார் கற்றைகளை (நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கட்டுகளை) வளையமாக அடுக்கி வரைந்த பிள்ளை எதையும் பார்க்கவில்லை. கையால் சீவிய சீவலில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும், ஒரு கற்றை பாதிதான் இருக்கும், ஓரத்தில் புறத்தோல் உரிந்திருக்கும். அந்தக் குறைகளோடு வரைந்த படம் ரெக்கார்டில் வந்தால், அந்தப் பக்கத்தை நான் நம்புவேன்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலைப் பார்த்து வரைந்தது வெறும் காலி அறைகளை. உள்ளே உயிர்ப்பொருள் இல்லை. காரணம், தக்கைச் செல்கள் செத்தவை. அவர் தெரிந்ததை மட்டும் வரைந்தார். செல் என்ற பெயரே அந்தக் காலி அறைகளிலிருந்து வந்ததுதான்.

மற்ற வரைபட விதிகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. கூர்மையான பென்சிலில் ஒற்றைக் கோடாக வரையச் சொல்வது, எல்லை எங்கே என்று முடிவெடுக்க வைப்பதற்காக. பென்சிலைப் படுக்கவைத்து நிழல் தேய்த்தால், தெரியாத இடமெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் நிழல் கூடாது. வேண்டுமானால் புள்ளி வைக்கலாம். பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது, கோட்டின் நுனி அந்தப் பாகத்தைத் தொட வேண்டும். உருப்பெருக்கத்தை எழுத வேண்டும். கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 10 என்றால் 100 மடங்கு. 45-க்கு மாற்றினால் 450 மடங்கு. ரெக்கார்டில் கோடு இல்லாத இடப்பக்கம் படத்துக்கு, கோடு போட்ட வலப்பக்கம் எழுத்துக்கு.

நுண்ணோக்கியைத் தூக்கும்போது ஒரு கை வளைவில், ஒரு கை அடியில். பார்க்கத் தொடங்குவது எப்போதும் சின்ன லென்ஸில். 45-க்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது. லென்ஸ் இறங்கி ஸ்லைடையும் உடைக்கும், தானும் கீறிக்கொள்ளும். அடிக் கண்ணாடியை நேர் வெயிலுக்குத் திருப்பக்கூடாது. வேலூர் வெயிலுக்கு இதை இரண்டு தடவை சொல்லலாம்: கண்ணுக்குள் குவிவது சூரியன்.

இதே வெயில் இன்னொரு திருட்டையும் காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதியான உமிழ்நீர் அமைலேஸ் பற்றிய சோதனையில் ஸ்டார்ச் கரைசலோடு உமிழ்நீரைக் கலந்து, குளிர்ந்த நிலை, அறை வெப்பநிலை அல்லது உடல் வெப்பநிலை, கொதிநிலை என்று வெவ்வேறு சூட்டில் வைப்பார்கள். அயோடின் துளி விட்டால் ஸ்டார்ச் மிச்சம் இருக்கும் குழாயில் கருநீலம் வரும். கொதிக்க வைத்த குழாயில் நொதி கெட்டுப்போவதால் நீலம் அப்படியே நிற்கும். 37 டிகிரியில் நீலம் சீக்கிரம் மறையும். இதில் ‘அறை வெப்பநிலை 28 டிகிரி’ என்று ஒரு வகுப்பே எழுதியிருந்தால், அந்த வகுப்பில் யாருமே வெப்பமானியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கத்திரி முடிந்தும் சூடு இறங்காத நாட்களில் இங்கே லேப் அறையே 37-ஐத் தொட்டு நிற்கும். அதை அப்படியே எழுதினால், இரண்டு குழாயும் ஏன் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்ற அருமையான கேள்வி வரும். 28 என்று எழுதினால் அந்தக் கேள்வி வராது.

காப்பியடித்த ரெக்கார்டுக்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஐம்பது அறுபது பேர் வகுப்பு, ஓடுகிற நுண்ணோக்கி நாலைந்து, வாரத்தில் ஒன்றிரண்டு லேப் பீரியட், அதிலும் ஒன்று ஏதாவது விழாவில் போய்விடும். போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டு வீடு வீடாகச் சுற்றுவதன் காரணம் இதுதான். ஒரு வழி உண்டு. கரடுமுரடாக வரைந்த அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே, லேபிலேயே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அழகான ரெக்கார்டு பிறகு வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கண்ணால் வந்தது, எது கைடில் இருந்து வந்தது என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கை, கண், வாய்

‘நாளைக்கு எல்லாரும் ஊமத்தம் பூ கொண்டு வாங்க’ என்று பிளஸ் ஒன் தாவரவியலில் ஒரு நாள் சொல்வார்கள். சொலானேசி என்ற தாவரக் குடும்பத்துக்குப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு அது. ரோட்டோரம், குப்பைமேடு, எங்கேயும் கிடைக்கும். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதைச் சில சமயம் விட்டுவிடுகிறோம். ஊமத்தையின் இலை, பூ, விதை எல்லாமே விஷம். ஹையோசயமின், ஸ்கோபாலமின் என்ற பொருட்கள் அதில் இருக்கின்றன. பூவைப் பிரித்த கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். கண் டாக்டர் கண்மணியை விரிக்கப் போடும் அட்ரோபின் சொட்டும் இதே வகைப் பொருள்தான். விதை வயிற்றுக்குள் போனால் பிதற்றல், உயிராபத்து. ‘லேபில் சாப்பிடாதே, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு’ என்ற வரிக்கு இதைவிட நேரடியான விளக்கம் வேண்டாம்.

அதே குடும்பத்தில் நம் ஊர்ச் சொந்தம் ஒன்று இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஊமத்தைக்குப் பதிலாகக் கத்திரிப்பூவைக் கொண்டுவந்தால் என்ன? ஐந்து மகரந்தத்தாள்களும் அல்லிவட்டத்தோடு ஒட்டியிருப்பதும், மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் துளைகளும் லென்ஸில் நன்றாகத் தெரியும். சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் தடுப்புச்சுவர் சாய்வாக இருக்கும். காயின் தலையில் பச்சைத் தொப்பியாக நிற்பது உதிராத புல்லிவட்டம். வீட்டில் காய் நறுக்கும்போதும் அது கண்ணில் படும்.

ஸ்பிரிட் விளக்கை இன்னொரு விளக்கால் பற்றவைக்கக்கூடாது; சாய்க்கும்போது ஸ்பிரிட் வழிந்து தீ பரவும். ஊதி அணைக்கக்கூடாது, மூடி போட வேண்டும். பின்னல், ரிப்பன், பூச்சரம், துப்பட்டா பற்றிய விதி எல்லாம் இந்த விளக்கை முன்வைத்து வந்தவை. அதை நடத்தை விதியாக மாற்றிப் பெண் பிள்ளைகளிடம் மட்டும் காட்டுவது தவறு. முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத பையனுக்கும் அதே தீதான்.

அலமாரி ஜாடிகளைத் திறக்கக்கூடாது என்பதற்குக் காரணம், மாதிரிகள் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின். அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதைச் சேர்த்தது. மூடி கசியும் பழைய ஜாடி இருந்தால் ஜன்னலைத் திறப்பது போதாது, ஜாடியையே மாற்ற வேண்டும். உமிழ்நீர்ச் சோதனையில் அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாள வேண்டும், குழாயையும் அவரவரே கழுவ வேண்டும்.

தவளை விஷயம் சுருக்கமாக. இப்போது நாற்பது ஐம்பது வயதில் இருப்பவர்கள் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்திவைத்து அறுத்த கதையைச் சொல்வார்கள். பிளஸ் ஒன் புத்தகத்தில் மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை மூன்றும் இன்னமும் பாடமாக இருக்கின்றன. லேபில் அந்த இடத்துக்கு மாதிரிகளும் படங்களும் ஸ்லைடுகளும் வந்துவிட்டன. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி அளவிலேயே விலங்கு அறுப்பை நிறுத்தச் சொன்னது. காரணம் இரக்கம் மட்டுமில்லை. வயல்களிலிருந்து தவளைகள் மூட்டை மூட்டையாகப் போனதில் பூச்சி பெருகிய அனுபவம் இந்தியாவுக்கு உண்டு. தவளைக்கால் ஏற்றுமதி 1987-இல் தடைசெய்யப்பட்டது. வீட்டிலிருந்து எதையாவது டப்பாவில் பிடித்துக்கொண்டு வராதே என்ற வரி இதன் தொடர்ச்சி.

நோயைப் பற்றிப் பேசும் விதி

கதவுத் தாளில் இந்த விதி இருக்காது. இருக்க வேண்டும், மற்ற ஊரைவிட வேலூரில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ரத்த வகைச் சோதனையிலிருந்து தொடங்கலாம். லான்செட் ஊசி ஒருவருக்கு ஒன்று. குத்தியதும் அது தனிக் குப்பைக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அடுத்ததுதான் நுட்பமானது. வகுப்பில் ஏ, பி, ஓ மரபைப் படித்த பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பா அம்மா ரத்த வகையைக் கேட்டு, பொருந்தவில்லை என்று வந்து நின்றால்? பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் பிள்ளை ஓ ஆக இருக்க முடியாது என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பழைய அட்டையில் வகை தவறாக எழுதப்பட்டிருக்கலாம். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட ‘பம்பாய் ரத்த வகை’ உள்ளவர்கள், ஏ அல்லது பி மரபணு இருந்தும் சோதனையில் ஓ போலவே தெரிவார்கள். தத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே குடும்ப வரைபடம் வரையும் பயிற்சிக்குக் கற்பனைக் குடும்பத்தைத்தான் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் எழுப்பி, ‘உங்க அப்பா என்ன குரூப்?’ என்று வகுப்பு நடுவே கேட்கக்கூடாது.

தொழுநோய்க்கு வருவோம். காட்பாடி அருகே கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1948-இல், வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கையை அறுவை செய்து இயங்க வைத்தார். நோய்க்கிருமி சதையைத் தின்று விரலை விழவைக்கிறது என்று அதுவரை நம்பியவர்களுக்கு அவர் காட்டியது வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாத கை சூட்டையும் வெட்டையும் உணராமல் காயம் மேல் காயம் பட்டுத் தேய்கிறது. ‘நோயாளியைத் தொட்டால் விரல் விழும்’ என்ற பயம் அதோடு செத்திருக்க வேண்டும். நோயின் பெயரை வசவாகப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் சாகவில்லை. உயிரியல் வகுப்பில் அது அனுமதிக்கப்படக்கூடாது. நோய் ஒருவருக்கு வரும், அது அவருடைய பெயர் ஆகாது.

எச்.ஐ.வி.யும் இப்படியே. 1986-இல் சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோதுதான், இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வாளர் நிர்மலாவும் செய்த வேலை அது. ஒருவருக்கு இருக்கும் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அம்மா வீட்டில் பேசியதை வகுப்பில் வந்து சொல்லும் பிள்ளைக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாடத்தில் வந்ததை நிஜத்தில் பார்த்த பரபரப்பில் சொல்கிறான். ஆனால் எதிர் வீட்டு நோயாளி அவனுக்கு எடுத்துக்காட்டு இல்லை.

பிளஸ் டூவில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலமும் வரும்போது, ‘இதை வீட்ல படிச்சுக்குங்க’ என்று கடந்துபோகும் வகுப்புகள் உண்டு. அந்த இரண்டு பாடங்களும் பொதுத்தேர்வில் கேட்கப்படுகின்றன, நீட்டிலும் வருகின்றன. வீட்டிலோ யாரும் சொல்லித்தரப் போவதில்லை. இங்கே மாணவரிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான்: சிரித்தால் ஒரு தடவை சிரித்து முடி, அடுத்தவரைச் சுட்டிக் கேலி செய்யாதே, வெட்கமாக இருந்தால் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடு. ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது அதிகம். பாகங்களின் பெயரைத் தயங்காமல் சொல்ல வேண்டும். 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வித் துறை) என்ற உதவி எண்கள் எதற்கு இருக்கின்றன என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

வெளியே போகும்போது

களப்பயணத்துக்கு இரண்டு மதிப்பெண் என்பதால் பலருக்கு அது ஒரு நாள் சுற்றுலா. அமிர்தி காட்டுக்குப் போனாலும் சரி, ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போனாலும் சரி, காப்புக்காட்டில் இருந்து வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறித்துவரக்கூடாது. பள்ளித் திடலில் சதுரக் கட்டம் போட்டுச் செடிகளை எண்ணும் பயிற்சிக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரம் போதும். பார்த்தீனியக் களை இருக்கிற இடம் என்றால் முழுக்கையும் கையுறையும் வேண்டும். தோலில் தடிப்பும் சிலருக்கு மூச்சிரைப்பும் வரும்.

பாலாற்றுப் படுகையில் தண்ணீர் மாதிரி எடுப்பதற்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு மண்ணையும் கிணற்றையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில்தான் கேடு நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லப்பட்டது. நாட்டின் சுற்றுச்சூழல் பாடங்களில் எல்லாம் வரும் தீர்ப்பு நம் ஆற்றைப் பற்றியது. 2025 ஜனவரியில் பாலாறு மறுபடியும் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டது. ஆகவே ஓடையில் கையை விட்டுப் பாட்டிலை நிரப்பக்கூடாது. கயிறு கட்டிய பாட்டில், கையுறை, லேபிளில் இடமும் தேதியும் நேரமும். இடம் எழுதாத பாட்டிலை லேபில் கொட்டிவிடுவது நல்லது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

செல்போன் பற்றி இரண்டு வரி. வகுப்பில் கூடாது என்பது சரி. லேபில் ஆசிரியர் போனை நுண்ணோக்கிக் கண்ணில் வைத்துப் படமெடுத்து எல்லாருக்கும் காட்டுவது, நாலு நுண்ணோக்கி இருக்கும் பள்ளிக்குப் பெரிய உதவி. பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து வரைவது கைடைப் பார்த்து வரைவதைவிட எவ்வளவோ மேல்.

நீட்டில் 720-க்கு 360 உயிரியல்தான், அத்தனையும் விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள். லேபுக்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் இல்லை. கோச்சிங் போகிற பிள்ளைகள் லேப் பீரியடை நேர விரயமாகப் பார்ப்பது இதனால்தான். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் நீர் கடத்தும் சைலமும் உணவு கடத்தும் ஃபுளோயமும் தண்டில் எந்தப் பக்கம், வேரில் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்து மறந்து, மறுபடி மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம் ஒரு பிளேடையும் ஒரு தண்டையும் கொடுத்துப் பார்க்கலாம்.

செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார். வகுப்பைப் பிரித்துக் குழு குழுவாக விடுவார்கள். ஆசிரியர் சான்றொப்பம் இட்ட ரெக்கார்டு முன்கூட்டியே மேசைக்குப் போய்விட வேண்டும். கூர்சீவிய பென்சில் இரண்டு, அழிப்பான், அளவுகோல், ஹால் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். வரிசையாக வைத்திருக்கும் மாதிரிகளைத் தொடாமல் பார்த்து, இன்னது என்று எழுதி, அதற்கு அடையாளக் காரணங்களையும் எழுத வேண்டும். பெயர் மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் வராது. மணி அடித்ததும் அடுத்த மாதிரிக்கு நகர வேண்டும், திரும்பி வர முடியாது. நுண்ணோக்கியில் பொருத்தி வைத்திருக்கும் ஸ்லைடு மங்கலாகத் தெரிந்தால் திருகைத் தானாகத் திருப்பாமல் கையைத் தூக்கிச் சொன்னால் போதும், சரிசெய்து தருவார்கள்.